தலைவரின் வரலாற்றை நிறுத்துப் பார்ப்போம்



பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பால் நிறுக்கும் இடம் மறந்திருக்காது. வாளியைச் சுமந்து வந்து வரிசையில் நிற்போம். கிராணி தராசைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவார். குறைத்து எழுதினால் நம் சம்பளம் குறையும். தமக்கு வேண்டியவருக்குக் கூட்டி எழுதினாலும் அது பொய்க் கணக்குதான். ஆகவே, நம் கண்கள் தராசைவிட்டு அகலமாட்டா.

இன்று நாம் பேசப்போவதும் ஒரு நிறுவையைப் பற்றித்தான். அரசியல் தலைவர் ஒருவரைப் பற்றி அறிய விரும்பினால், நம் பிள்ளைகள் உடனே கைப்பேசியில் விக்கிப்பீடியாவைப் பார்க்கிறார்கள். 2001 ஜனவரியில் ஆங்கிலத்தில் தொடங்கிய இந்தக் கலைக்களஞ்சியம் 2003 முதல் தமிழிலும் இருக்கிறது. அதை யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம். அதன் பலமும் அதுவே, பலவீனமும் அதுவே.

அமெரிக்காவில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைப் பார்ப்போம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நாடாளுமன்ற உறுப்பினர் மார்ட்டி மீஹன், நான்கு தவணைக்கு மேல் பதவியில் இருக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவர். ஆனால் ஐந்தாம் தவணைக்கும் போட்டியிட்டார். அவரைப் பற்றிய பக்கத்தில் இந்தச் செய்தி இருந்தது. 2005 இல் அவருடைய அலுவலகத்தாரே அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டுத் தாங்கள் எழுதிய வரலாற்றை வைத்தார்கள். வாக்குத் தவறிய செய்தி மறைந்துபோனது. 2006 ஜனவரியில் உள்ளூர் நாளிதழ் ஒன்று இதை வெளிப்படுத்தியது.

மற்றொன்று இதற்கு நேர்மாறானது. பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலர், 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராக இருந்தவர். கென்னடி சகோதரர்களின் கொலையில் அவர்மீது சந்தேகம் இருந்தது என்று 2005 மே மாதத்தில் யாரோ ஒருவர் பெயர் சொல்லாமல் எழுதிவைத்தார். அது முழுப் பொய். ஆயினும் நான்கு மாதங்களுக்கு மேல் அந்தப் பழி அப்படியே நின்றது.

முதலாவது, உண்மையை மறைத்த பிழை. இரண்டாவது, பொய்யைச் சேர்த்த பிழை. இரண்டிலும் ஏமாந்தவர் யார்? நம்பிப் படித்தவர்தாம்.

அப்படியானால் சரியாக எழுதுவது எப்படி? நாம் நன்கறிந்த துன் வீ. தி. சம்பந்தனை எடுத்துக்கொள்வோம். அவரை 'ஏழைகளின் காவலர், ஒப்பற்ற தலைவர்' என்று எழுதினால் நம் மனம் குளிரும். ஆனால் அது நம் அன்பைக் காட்டுமே தவிர, அவர் செய்ததைக் காட்டாது. '1955 முதல் 1973 வரை மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்ற முன்னின்றார்' என்று எழுதிப் பாருங்கள். ஒரு புகழ்ச்சொல்லும் இல்லை. ஆனாலும் மனிதரின் அளவு தெரிகிறது அல்லவா? கட்சிக்குள் எழுந்த பூசலுக்குப் பின்னரே அவர் தலைமையை விட்டார் என்பதையும் அதே அமைதியான நடையில் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டால் தராசு சாய்ந்துவிடும்.

நடுநிலை என்றால், பாதி புகழும் பாதி வசையும் கலப்பதன்று. நம்பத்தக்க நூல்களும் நாளிதழ்களும் ஒரு செய்திக்கு எவ்வளவு இடம் தருகின்றனவோ, அந்த அளவுக்கே நாமும் இடம் தருவதாகும். குறை சொல்வதானால், யார் சொன்னார், எங்கே சொன்னார் என்று காட்ட வேண்டும். உயிரோடு இருப்பவர்மீது சான்றில்லாத குற்றச்சாட்டு இருந்தால் உடனே நீக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. தலைவரின் உறவினரும் ஊழியரும் கட்சிக்காரரும் பக்கத்தில் நேரே கை வைக்காமல், 'உரையாடல்' பகுதியில் சான்றோடு கேட்பதே முறை. யார், எப்போது, எதை மாற்றினார் என்பது 'வரலாறு' பகுதியில் பதிவாகியிருக்கும்.

"என் அப்பா கண்ணால் பார்த்தாரே, அது போதாதா?" என்று சிலர் கேட்கக்கூடும். வீட்டுக்கு அது போதும், கலைக்களஞ்சியத்துக்குப் போதாது. வெளியிடப்பட்ட நம்பத்தக்க சான்று வேண்டும். நம் மக்களின் கதை அச்சில் ஏறியது குறைவு. ஆகவே பாட்டியின் பெட்டியில் பழைய நாளிதழோ, சங்கத்தின் ஆண்டுமலரோ இருந்தால் பழைய காகிதக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தேதியைக் குறித்துவையுங்கள், நூலகத்தில் காட்டுங்கள். அந்தத் தாள் போய்விட்டால் சான்றும் போய்விடும்.

இன்றிரவு பிள்ளைகளோடு அமர்ந்து, உங்கள் தொகுதி உறுப்பினரின் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். இதற்குச் சான்று என்ன? இதைச் சொல்பவர் யார்? சொல்லாமல் விட்டது என்ன? இந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பிழை கண்டால் கோபத்தோடு எழுதாமல் சான்றோடு எழுதுங்கள். நமக்குப் பிடித்தவர் பக்கமானாலும், பிடிக்காதவர் பக்கமானாலும் தராசு ஒன்றுதான்.

அன்று நம் பாலுக்குச் சரியான எடை கேட்டோம். இன்று நம் வாக்கைக் கேட்டு வருகிறவரின் வரலாற்றுக்கும் சரியான எடை கேட்போம்.