டவர் போனாலும் பில் வருது. எங்கே போய்க் கேட்கிறது?

(போடிநாயக்கனூர் தெருமுனைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, விடியுமுன்னே ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போற தாய்மார்களே!

போடிமெட்டு வளைவு ஏற ஏற போன்ல டவர் போயிடுது. ரீசார்ஜ் காசு போகாம இருக்கா? கேட்டா, "கம்பெனிக்காரனை நாம என்ன பண்ண முடியும்"னு விட்டுடுறோம்.

நம்மை மட்டும் குறை சொல்ல முடியாது. சட்டமே அப்படி இருந்தது. 1885-ல் வெள்ளைக்காரன் போட்ட தந்திச் சட்டம், அதில் பின்னாடி சேர்த்த 7பி பிரிவு. போன் தகராறா, மத்திய அரசு நியமிக்கிற நடுவர்கிட்ட போ. அவர் சொல்றதே முடிவு, எந்தக் கோர்ட்டும் கேட்கக் கூடாது!

மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ஒருத்தருக்கு பில் கட்டலைன்னு இணைப்பைத் துண்டிச்சாங்க. இணைப்பைக் கொடு, 5,000 ரூபாய் இழப்பீடும் கொடுன்னு நுகர்வோர் மன்றம் சொன்னது. தொலைத்தொடர்புத் துறை கேரள உயர்நீதிமன்றம் போச்சு. உயர்நீதிமன்றம் தலையிட மறுத்தது. அத்தோட விட்டாங்களா? 5,000 ரூபாய்க்காக டெல்லி வரை போனாங்க. 2009 செப்டம்பர் 1-ல் உச்சநீதிமன்றம் துறை பக்கம் தீர்ப்பு சொன்னது. அந்தத் தீர்ப்பைக் காட்டியே எத்தனையோ பேர் புகாரைத் திருப்பி அனுப்பினாங்க.

அப்புறம் அகமதாபாத்தில் ஒருத்தர். 2013 கடைசியில் அவருக்கு வந்த ஒரு மாச பில் 24,609 ரூபாய்! வழக்கமா வர்றது ஐந்நூத்திச் சொச்சம். வோடபோன் அதே பழைய தீர்ப்பைத் தூக்கிட்டு வந்தது. 2022 பிப்ரவரி 16-ல் நீதிபதி சந்திரசூட் அமர்வு, 2009 தீர்ப்பு சரியில்லை, நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம்னு சொல்லிடுச்சு. எங்கே கேட்கலாம்னு முடிவாகவே எட்டு வருஷம், பாருங்க.

2019 நுகர்வோர் சட்டத்தில் தொலைத்தொடர்புன்னு பேர் சொல்லியே எழுதியிருக்கு. சிம் பூப்பாறையில் வாங்கினாலும், குடியிருப்பு போடின்னா தேனி மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள்ள போடணும், அவ்வளவுதான்.

முதல்ல கம்பெனிக்குப் போன் போட்டு, அவங்க சொல்ற புகார் எண்ணை எழுதி வைங்க. மனு எழுதத் தெரியலையா, நம்ம கட்சி அலுவலகத்துக்கு வாங்க, எழுதித் தர்றோம். பில்லையும் ரீசார்ஜ் மெசேஜையும் அழிச்சிடாம கொண்டு வாங்க.