பாதத்தின் வெப்பம்

தோலிலிருந்து இடைவிடாது வெளிப்படும், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களைப் பதிவுசெய்து, சூட்டையும் குளிர்ச்சியையும் வெவ்வேறு நிறங்களாகக் காட்டுவதே வெப்பப் படமெடுப்பு ஆகும். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளரின் கைகால்களைச் சீரமைத்த பால் பிராண்ட், பின்னர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில், உணர்விழந்த பாதத்தில் புண் வருமுன்னரே அவ்விடம் சூடேறுவதை இம்முறையால் ஆராய்ந்தார். இரத்த ஓட்டம் குறைந்த காலோ பெரும்பாலும் குளிர்ந்தே தெரியும். ஆனால் தியாகராய நகர் வெயிலில் அலைந்துவிட்டுக் குளிரூட்டிய அறைக்குள் நுழைபவரின் பாதம், சிறிது நேரம் ஓய்வெடுக்காவிடில், பொய்ப்படமே தரும். ஆகவே இப்படம் துணைச்சான்றே. கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து, விடை 0.9க்குக் குறைந்தால் தமனி அடைப்பு எனக் கருதும் எளிய சோதனையே முதன்மையானது. மயிலாப்பூர் மாடவீதியிலோ அடையாற்றிலோ நடக்கையில் கெண்டைக்கால் வலித்து, நின்றதும் வலி தணிபவர்கள் இச்சோதனையைத் தள்ளிப்போடலாகாது.