எழுத்தைப் பெருக்கும் திரை
(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரை)

 

என் தமக்கையார் நாள்தோறும் மாலையில் நூலை மடியில் விரித்துப் படிப்பார். சென்ற ஆண்டு ஒருநாள் அருகில் அமர்ந்தபோதுதான் கண்டேன்: மடியில் இருந்தது ஒரு நூல், வாய் சொல்லிக்கொண்டிருந்தது வேறொரு நூலின் பாடல். எழுத்து மறைந்து எத்தனை நாளாயிற்றோ! மனப்பாடத்தைச் சொல்லியே எங்களையெல்லாம் நம்ப வைத்திருந்தார்.

முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி நலிந்தாலும் ஓரப்பார்வை எஞ்சி நிற்கும். நடமாட இயலும், எழுத்து மட்டும் பிடிபடாது. இது பார்வையின்மை அன்று, குறைபார்வை. முதலில் கண் மருத்துவரிடம் காட்டவேண்டும். கண்புரை போன்றவை தீரக்கூடியவை. தீராத நிலையில், எழுத்தைப் பெரிதாக்கினால் எஞ்சிய பார்வைக்கு எட்டும். கைக்கண்ணாடி போதாதா என்பீர்கள். ஐந்து மடங்கு பெருக்கும் ஆடியைத் தாளுக்கு மேல் ஏறத்தாழ 5 செ.மீ. உயரத்தில் அசையாமல் பிடிக்கவேண்டும். முதியவர் கைக்கு அது இயலுமா?

அமெரிக்கக் கணித அறிஞர் சாமுவேல் ஜெனென்ஸ்கி, பிறந்தவுடன் கண்ணில் தவறான மருந்து இடப்பட்டதால் பார்வையின் பெரும்பகுதியை இழந்தவர். இவரும் ராண்ட் நிறுவனத்துத் தோழர்களும் தொலைக்காட்சியைப் படிப்புக் கருவியாக்கி 1968இல் அறிக்கை வெளியிட்டனர். மேலே கேமரா, கீழே நூல், கண்ணெதிரே திரை. இவ்வளவுதான் அமைப்பு.

பெருக்கத்தினும் பெரிய உதவி ஒன்று இத்தகைய திரையில் உண்டு. வெள்ளைத்தாளின் ஒளி மங்கிய கண்ணுள் சிதறிக் கூசச் செய்யும். திரையிலோ நிறத்தைப் புரட்டிக் கரும்பின்னணியில் வெள்ளெழுத்தாக்கலாம். “பள்ளிக்கூடத்துக் கரும்பலகை போல இருக்கிறதடா, தம்பி” என்றார் தமக்கையார்.

தமிழாசிரியனாக ஒன்று சொல்வேன். நம் எழுத்தில் முதலில் மறைவது புள்ளி. ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிடும். ஆதலால் புள்ளி தெளியும் வரை பெருக்குங்கள்; அதற்குமேல் வேண்டா. நம் சொற்கள் நீண்டவை. மிகப் பெருக்கினால் சொல்லின் வால் வருமுன் தலை மறைந்துவிடும்.

தனிக்கருவி விலை மிகுந்தது. எனினும் இன்றைய கைப்பேசியில் ‘அணுகல்தன்மை’ என்னும் அமைப்பில் பெருக்கமும் நிறப்புரட்டும் இருக்கின்றன. எங்கள் வீட்டில் பேரனின் பழைய டேப்லெட்டை இருபுறமும் நூல்களை அடுக்கிப் பாலம்போல் கிடத்தினோம். அதன் அடியில் ஏட்டை நகர்த்துவார் தமக்கையார்.

“நாங்களே படித்துக் காட்டுகிறோமே” என்றான் என் மகன். “நீ படித்தால் உன் வேகத்துக்கு நான் ஓடவேண்டும். எனக்கு நின்ற இடத்தில் நிற்கவேண்டும்” என்றார் அவர். ஒரு பக்கத்துக்கு அரைமணி ஆகிறது. முதல் வாரத்திலேயே, நாற்பது ஆண்டாகத் தாம் ஒரு சொல்லைப் பிழையாகச் சொல்லி வந்ததைக் கண்டுபிடித்துவிட்டார்!

கைப்பேசியோடுதான் வந்திருக்கிறேன். உணவுக்குப்பின் முதியோர் சற்று அருகில் வாருங்கள். இவ்விழாவின் அழைப்பிதழையே அதன்கீழ் வைத்துப் பார்ப்போம்.