கழுத்துக் கட்டியும் சாயச் சோதனையும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



கழுத்துல, அக்குள்ல வலிக்காத கட்டி வந்தா நாம முதல்ல நினைக்கிறது நெறிகட்டி, இல்லேன்னா டிபி. பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் விட்டு விட்டு வரும் காய்ச்சல், ராத்திரி வேர்வை, உடம்பு இளைப்பது எல்லாம் டிபிக்கும் உண்டு, நிணநீர்ப் புற்றுநோயான லிம்போமாவுக்கும் உண்டு. வெளியே பார்த்துப் பிரிக்க முடியாது. சில வாரங்களில் கரையாத கட்டியைச் சோதிக்காமல் மாத்திரை மட்டும் சாப்பிட்டு, மாசக்கணக்கில் ஓட்டுபவர்களை நாங்கள் கிராமங்களில் பார்க்கிறோம்.

ஊசி போட்டு எடுத்தால் கொஞ்சம் செல்கள்தான் வரும். லிம்போமா சந்தேகம் என்றால் முடிந்தவரை முழு நெறிகட்டியையும் எடுத்துப் பார்ப்பதே நல்லது. "சதையை எடுத்தா நோய் பரவிடும்" என்பது வெறும் பேச்சு.

எடுத்த சதையை ஃபார்மலினில் ஊறவைத்து மெழுகில் பதிப்பார்கள். இதுதான் 'பிளாக்'. அதைத் தலைமுடியை விட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றுவார்கள். முதல் சாயத்தில் ஊதாவும் ரோஸும் தெரியும். (அந்த ஊதா, மெக்சிகோ பக்கத்து மரக்கட்டையிலிருந்து வருவது. ஒரு காலத்தில் துணிக்குப் போட்ட சாயம்தான்!) இதிலேயே புற்றுதான் என்று பெரும்பாலும் தெரியும். எந்த வகை என்பதற்கு அடுத்த சாயம் வேண்டும். அதுதான் 'இம்யூனோ'.

சுங்குடிச் சேலையில் முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாது இல்லையா? இதில், குறிப்பிட்ட அடையாளம் உள்ள செல்லில் மட்டும் பழுப்பு நிறம் ஏறும். சிடி20 என்ற அடையாளத்தில் நிறம் ஏறினால், 1997 முதல் பயன்பாட்டில் உள்ள ரிட்டுக்சிமாப் மருந்தைச் சேர்க்கலாம். அந்த மருந்து சிடி20-ஐப் பிடித்துத்தான் வேலை செய்கிறது. சிடி30, சிடி15 இரண்டிலும் நிறம் ஏறினால் ஹாட்ஜ்கின் வகையாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு, பெரும்பாலானவர்கள் குணமாகிறார்கள். அதனால் "கேன்சர்னு தெரிஞ்சு போச்சே, இன்னும் எதுக்குச் செலவு?" என்று இம்யூனோவை நிறுத்திவிடாதீர்கள். குழுவில் அவசரக் கடன் கொடுக்கத் தகுந்த காரணம் இது.

பல இடங்களில் சதை பாட்டிலை லேப்புக்கு எடுத்துப் போவது வீட்டு ஆளுங்கதான். நாத்தம் அடிக்குதுன்னு ஃபார்மலினைக் கொட்டிடாதீங்க. சதை கெட்டால் சாயம் ஒழுங்காக ஏறாது. டிபி சோதனைக்கு ஒரு துண்டை ஃபார்மலின் இல்லாத தனி பாட்டிலில் கொடுப்பதும் உண்டு. ரெண்டையும் மாத்திடக் கூடாது. பேர் ஒட்டியிருக்கான்னு பாருங்க.

வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் ரிப்போர்ட்டோடு பிளாக், ஸ்லைடு இரண்டையும் கேட்டு வாங்கிப் போங்க. பிளாக் பல வருஷம் கெடாது. சதை போதுமான அளவு இருந்தால், மறுபடி கத்தி வைக்காமல் அதிலிருந்தே சீவிப் பார்ப்பார்கள்.