பூவுக்கு உண்டு, பிள்ளைக்கு இல்லையா?



பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இனப்பெருக்கம் என்றொரு பாடம் இருக்கிறது. மகரந்தச் சேர்க்கைக்குக் கரும்பலகை நிறையப் படம் வரைந்து, சூலகத்தையும் சூல்முடியையும் குறித்துக் காட்டி உற்சாகமாக விளக்குகிற ஆசிரியர்களில் பலர், மனித தேகத்தைப் பற்றிய பக்கம் வந்ததும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுகிறார்கள்.

ஆசிரியரை மட்டும் நிந்தித்துப் பிரயோஜனமில்லை; அரசுகளும் அப்படித்தான் நடந்துகொண்டன. 2007இல் மத்திய அரசே 13 மாநிலங்களில் ஆய்வு நடத்தி, விசாரிக்கப்பட்ட குழந்தைகளில் 53 சதவிகிதம் பேர் ஏதோவொரு விதமான பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்றும், கொடுமை செய்தவர்களில் பாதிப்பேர் அக்குழந்தைகளுக்குத் தெரிந்தவர்கள் என்றும் வெளியிட்டது. அதே ஆண்டில்தான் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்கள், பள்ளிகளில் பாலியல் கல்வி தரும் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கலாசாரத்தின் பெயரால் நிறுத்தி வைத்தன. 2009இல் ராஜ்யசபையின் மனுக்கள் குழுவும் பள்ளியில் பாலியல் கல்வி கூடாதென்றே சிபாரிசு செய்தது. அந்தத் தெரிந்தவர்களுக்கு இதைவிடச் சௌகரியம் வேறென்ன வேண்டும்!

பிறகு 2012இல், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் வந்தது. சீருடை அணியாத காவல் அதிகாரி குழந்தையின் வீட்டுக்கோ அது விரும்பும் இடத்துக்கோ வந்து, யார் தொட்டான், எங்கே தொட்டான், எப்படித் தொட்டான் என்று வாக்குமூலம் பதிய வேண்டுமென்கிறது அந்தச் சட்டம். ஆனால் உறுப்பின் பெயரைச் சொன்னதற்கே வாயில் அடி வாங்கி வளர்ந்த பிள்ளை, "அங்கே" என்று சொல்லித் தலை குனிவதைத் தவிர வேறென்ன செய்யும்? வயதுக்கேற்ற பாடத்திட்டத்தை அரசுகள் தயாரிக்க வேண்டுமென்று அச்சட்டத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. தயாரிக்காவிட்டால் யார் பதில் சொல்வதென்று கூறவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற வழக்கொன்றில் 2024இல் உச்ச நீதிமன்றமும் முழுமையான பாலியல் கல்வியை வலியுறுத்திற்று. யோசனைகளுக்குப் பஞ்சமில்லை, வாரத்தில் ஒரு பீரியடைக் காணோம்.

கற்பித்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று ஆட்சேபிக்கும் கனவான்கள், தங்கள் வீட்டுப் பிள்ளையின் கையிலுள்ள செல்போன் எதைக் கற்பிக்கிறதென்று ஒருநாள் விசாரித்துவிட்டு இந்த மேடைக்கு வரட்டும்.

ஆகவே, நமக்கு வேண்டியது இன்னொரு சுற்றறிக்கையன்று. பாடவேளையும், பயிற்சி பெற்ற ஆசிரியரும், நடத்தாத பள்ளிமீது நடவடிக்கையும் இன்னவையென வரையறுக்கும் சட்டம். "பெற்றோர் எதிர்ப்பார்கள்" என்பதே அதிகாரிகள் வழக்கமாகக் காட்டும் சாக்கு. ஆனால் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவே இருக்க வேண்டுமென்று கல்வி உரிமைச் சட்டம் விதித்திருக்கிறது. அக்குழுவின் அடுத்த கூட்டத்திலேயே, எங்கள் பிள்ளைகளுக்கு இப்பாடம் வேண்டுமென்று தீர்மானம் எழுதி, கையொப்பமிட்டு, உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் மேஜைமேல் வையுங்கள்.