டெலிபோன் பில்லில் தவறா? புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்

 

வீட்டு டெலிபோனைச் சரண்டர் செய்த பிறகும் பில் வருகிறது, கேட்காத சேவைக்குப் பணம் போடுகிறார்கள் என்று பலர் நம் டிரஸ்டுக்கு வருகிறார்கள். பேசியதற்குக் கட்டுவது நம் கடமை. பேசாததற்குப் பயந்துகொண்டு கட்ட வேண்டியதில்லை.

முதலில் கம்பெனியின் புகார் மையத்தில் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் சரியில்லையென்றால் 30 நாட்களுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள், கட்டணம் கிடையாது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் உண்டு. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இதை 2022-ல் உச்ச நீதிமன்றமே உறுதிசெய்திருக்கிறது.

சரண்டர் ரசீதையும் பழைய பில்களையும் பத்திரமாக வையுங்கள். எழுதச் சிரமப்படுபவர்கள் அவற்றுடன் அலுவலகம் வாருங்கள். இன்ஷா அல்லாஹ், நாங்கள் எழுதித் தருகிறோம்.