கூடிப் பயிலும் யோகமும் பணிச்சோர்வும்



முதலியார்பேட்டை, ஆலைச் சங்கின் ஓசையால் பொழுதை அளந்த ஊர். 1898இல் தோன்றிய ரோடியர் ஆலை, பின்னாளில் ஆங்கிலோ பிரெஞ்சு பஞ்சாலை எனப் பெயர் பெற்று, 2020இல் மூடப்பெறும்வரை இப்பகுதி மக்களின் வாழ்வோடு பின்னிக் கிடந்தது. உழைப்பு மனிதரை எவ்வளவு தேய்க்கும் என்பதை இவ்வூர் ஏட்டில் படித்து அறிந்ததன்று. 1936 சூலை 30ஆம் நாள் புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிர் துறந்தனர். அவர்தம் போராட்டத்தின் பயனாக, 1937இல் பிரெஞ்சிந்தியாவில் 8 மணி நேர வேலை சட்டமாயிற்று. ஓய்வை உரிமையாக நிலைநாட்டிய மண்ணில் நின்று சோர்வையும் அதன் மருந்தையும் எண்ணிப் பார்ப்பது பொருத்தமுடையதே.

இன்று சங்கொலி இல்லை, சோர்வோ நீங்கவில்லை. மருத்துவமனைச் செவிலியர், பள்ளி ஆசிரியர், வங்கி ஊழியர், கணிப்பொறிமுன் இரவைக் கழிக்கும் இளைஞர் எனப் பலரையும் அது பற்றியிருக்கிறது. 1974இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பர்கர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இந்நிலைக்கு 'எரிந்து தீர்தல்' எனப் பொருள்படும் பெயரை ஆய்வேட்டில் வழங்கினார். உலக நல நிறுவனம் 2019இல் இதற்கு மூன்று அடையாளங்களைக் கூறிற்று: ஆற்றல் வற்றிப் போதல், செய்யும் பணியில் வெறுப்பும் விலகலும் தோன்றுதல், செயல்திறன் குறைந்துவிட்டதென உணர்தல். இதனை அந்நிறுவனம் ஒரு நோயென்று வகைப்படுத்தவில்லை. சரிவரக் கையாளப்படாத பணியிட இறுக்கத்தின் விளைவு என்றே குறித்தது. இவ்வேறுபாடு கருதத்தக்கது.

இறுக்கத்தைத் தணிக்கும் வழிகளுள் யோகமும் ஒன்று. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் எட்டுறுப்பு யோகத்தை விரித்துரைப்பது. ஆகவே தமிழர்க்கு இது புதியதன்று. மருத்துவம் கற்ற சுவாமி கீதானந்தகிரி 1968இல் புதுச்சேரியில் ஆனந்த ஆசிரமம் அமைத்து, 1993இல் மறையும்வரை யோகத்தை முறைப்படுத்திக் கற்பித்தார். ஜிப்மரின் உடலியங்கியல் துறையில் மதன்மோகன் குழுவினர் 27 மாணவர்க்கு 12 வாரம் பயிற்சியளித்து ஆய்ந்து, 1992இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒளிக்கும் ஒலிக்கும் எதிர்வினை காட்டும் நேரம் சுருங்கியது. மூச்சடக்கும் நேரம் நீண்டது. பின்னர் 2008இல் ஜிப்மரிலும், 2010இல் பிள்ளையார்குப்பம் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியிலும் யோக சிகிச்சைக்கெனவே மையங்கள் தோன்றின.

இதன் இயக்கம் மறைபொருள் அன்று. அச்சமும் அவசரமும் மிகும்போது உடலின் பரிவு நரம்பு மண்டலம் விழித்தெழுகிறது. இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன. மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் நீளமாக வெளிவிடும்போது, எதிர்ப்பரிவு மண்டலம் மேலோங்கி இதயத் துடிப்பு தணிகிறது. மூச்சு தானாகவும் நடப்பது, விரும்பினால் நம் கட்டுப்பாட்டிலும் நிற்பது. ஆகவே உள்ளத்தை நேரே அடக்க இயலாதவர்க்கும் மூச்சு ஒரு வாயிலாகிறது.

இப்பயிற்சியைக் கூட்டாகச் செய்வதால் விளைவது யாது? சென்னையில் 1976இல் தேசிகாச்சார் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம், ஒருவர்க்கு ஒருவர் எனத் தனித்துக் கற்பிப்பதை வற்புறுத்துவது. இக்கொள்கையில் உண்மை உண்டு. உயர் இரத்த அழுத்தம் உடையவர், கழுத்தெலும்புத் தேய்மானம் உடையவர், கருவுற்ற பெண் ஆகிய மூவர்க்கும் ஒரே ஆசனம் பொருந்தாது. எனினும் பணிச்சோர்வுற்றவரின் முதல் துன்பம் தனிமை. தமக்கு மட்டுமே வலிமை போயிற்று என்று நாணி, அவர் பிறரிடமிருந்து ஒதுங்குகிறார். பத்துப் பேர் ஒரு கூடத்தில் பாய் விரித்து, ஒரே தாளத்தில் மூச்சு விட்டு, முடிவில் சவாசனத்தில் கிடக்கும்போது, அந்நாணம் தளர்கிறது. தனியே தொடங்கினால் நான்காம் நாள் கைவிடக்கூடியவர், அடுத்த பாய்க்காரர் தேடுவாரே என்று ஐந்தாம் நாளும் வருகிறார். மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து உதவுவோரையும் வள்ளுவர் எண்ணினார். கூட்டுப் பயிற்சியில் ஒவ்வொருவரும் மற்றவர்க்கு அந்நான்காம் கூறு ஆகிறார். குழு சிறிதாயிருந்து, ஆசிரியர் ஒவ்வொருவர் உடல்நிலையும் அறிந்திருப்பின் தனிக்கவனமும் கெடாது.

ஆயினும் மிகைபடக் கூறல் குற்றம். இத்துறை ஆய்வுகளுட் பல சிறிய குழுவினரைக் குறுகிய காலம் நோக்கியவை. கடுமையான மனச்சோர்வு நோய்க்கும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்திற்கும் மனநல மருத்துவரே முதல் துணை. யோகம் அங்கே உடன்துணையாகலாம், மாற்று ஆகாது.

இதனினும் பெரியதோர் எச்சரிக்கையும் உண்டு. நோயை மட்டுமன்றி அது பிறந்த மூலத்தையும் ஆராயுமாறு பணித்தவர் வள்ளுவர். நான்கு செவிலியர் ஆற்ற வேண்டிய பணியை இருவர்மேல் ஏற்றிவிட்டு, அவ்விருவர்க்கும் மாலையில் மூச்சுப் பயிற்சி அளித்தால், மூலம் தீண்டப்படாமலே நிற்கும். அதனினும் கொடிது, பயின்றும் தேறாதவர் தம்மையே நொந்துகொள்வர். பயிற்சி நேரம் வேலை நேரத்துள் அடங்குதல் வேண்டும். பயிலும் குழுவே தன் பணிச்சுமையைக் கூடிப் பேசும் குழுவாகவும் வளர்தல் வேண்டும்.

1936இல் இந்நகரத் தொழிலாளர் தனித்தனியே சோர்ந்து மடங்காமல், கூடி நின்று நேரத்தைக் கேட்டனர். இன்று கூடி அமர்ந்து மூச்சை நெறிப்படுத்துவோர் அவ்வரலாற்றையும் நினைவிற் கொள்வாராக. உள்ளே அமைதியும் வெளியே நியாயமான வேலை நேரமும் ஒருசேர வாய்க்கும்போதே சோர்வு முழுமையாகத் தீரும்.